கோ-ஒர்க்கிங் தொடங்க அரசு என்ன தரும்? மேசைக்கு மானியம் உண்டு, அட்வான்ஸுக்கு இல்லை

கோ-ஒர்க்கிங், அதாவது பலரும் மேசையை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் பகிர்ந்த அலுவலக இடம் தொடங்க நினைப்பவர்கள் டி.ஐ.சி. என்று எல்லோரும் சொல்லும் மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்பது, "இதற்கென்று தனித் திட்டம் இருக்கிறதா?" என்பதுதான். தமிழ்நாட்டில் புதுத்தொழில் தொடங்குபவர்களுக்கான வழக்கமான கடன்-மானியத் திட்டங்கள் எதிலும் கோ-ஒர்க்கிங் என்று தனித் தலைப்பு கிடையாது. ஆனால் சேவைத் தொழில் என்ற வாசல் இருக்கிறது. அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் தொழிலை எப்படி எழுதுகிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும்.

"கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, தடுத்து, உள்வாடகைக்கு விடப்போகிறேன்" என்று எழுதினால் வங்கி அதை ரியல் எஸ்டேட்டாகப் பார்க்கும். மேசை, இணையம், மீட்டிங் ரூம், வரவேற்பு, பிரின்டர், மின்சார பேக்கப் எல்லாம் சேர்ந்த அலுவலகச் சேவை என்று எழுதினால் பார்வை மாறும். தேசியத் தொழில் வகைப்பாட்டிலும் இரண்டும் வேறு வேறு பிரிவு. சொந்த அல்லது குத்தகைச் சொத்தை வைத்துச் செய்யும் ரியல் எஸ்டேட் தொழில் 68-ல் வரும். ஒருங்கிணைந்த அலுவலக நிர்வாகச் சேவை 82-ல் வரும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவில் இந்தக் குறியீட்டைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பதிவு இலவசம். செய்துதருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இணையதளங்கள் நிறைய உண்டு, ஏமாற வேண்டாம்.

இனி பணம். சிறிய ஊரில் சிறிய இடம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். 2022-ல் திருத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் கணக்கிடப்படும். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், ஊரகத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு நகரத்தில் 25, ஊரகத்தில் 35. சொந்தப் பங்கு பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம், மற்றவர்களுக்கு 5.

இதில் பலர் கவனிக்காதது ஊரகம் என்பதற்கான வரையறை. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் இடம் ஊரகமாகவே கொள்ளப்படும். பெருநகரத்தை ஒட்டி அப்பார்ட்மென்ட்டும் ஐ.டி. ஊழியர்களுமாக இருக்கும் பல பகுதிகள் இன்னும் ஊராட்சிகள்தான். ஒரு பெண் அப்படிப்பட்ட இடத்தில் 20 லட்ச ரூபாய் திட்டத்தோடு தொடங்கினால் மானியம் 7 லட்சம், கைப்பணம் 1 லட்சம். அதே திட்டத்தைப் பொதுப் பிரிவு ஆண் ஒருவர் மாநகராட்சிக்குள் தொடங்கினால் மானியம் 3 லட்சம், கைப்பணம் 2 லட்சம். நாலு கிலோமீட்டர் தள்ளி இடம் பார்ப்பது சில சமயம் நல்ல முடிவு. கூட்டம் அங்கே வருமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அது வேறு கதை.

மானியம் கையில் கிடைக்கும் பணம் அல்ல. வங்கி 90 அல்லது 95 சதவீதத்தைக் கடனாகக் கொடுக்கும். அரசின் மானியத் தொகை உங்கள் பெயரில் வைப்புத்தொகையாக 3 ஆண்டு முடங்கிக் கிடக்கும். அதற்கு வட்டி வராது. கடனில் அதற்கு ஈடான பகுதிக்கு வட்டி போடவும் மாட்டார்கள். 3 ஆண்டு கழித்து நேரில் வந்து சரிபார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். அதற்குள் கடையை மூடிவிட்டால் மானியம் போச்சு.

பெரிய அளவில் செய்ய நினைப்பவர்களுக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டம் பொருத்தம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. வயது 21 ஆகியிருக்க வேண்டும், பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் வேண்டும். திட்ட மதிப்பு 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை. மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம். கூடவே 3 சதவீத வட்டிச் சலுகை. என்னைக் கேட்டால் இந்த வட்டிச் சலுகைதான் கோ-ஒர்க்கிங்குக்கு உண்மையான உதவி. இருக்கைகள் நிரம்ப மாதக்கணக்கில் ஆகும், தவணை அதுவரை காத்திருக்காது.

பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் இதைவிடச் சிறந்தது 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, வட்டிச் சலுகை 6 சதவீதம். கல்வித் தகுதி கேட்பதில்லை. தகுதியுள்ளவர்கள் நீட்ஸுக்கு விண்ணப்பித்து நிற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. முதலில் இதைக் கேளுங்கள்.

இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. ஒரே தொழிலுக்கு இரண்டு அரசு மானியம் வாங்க முடியாது. பி.எம்.இ.ஜி.பி.யும் நீட்ஸும் புதிய தொழிலுக்கானவை. ஆர்வக்கோளாறில் பூஜை போட்டுத் திறந்துவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று தள்ளிவிடுவார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கோ-ஒர்க்கிங்கில் பெரிய செலவு கட்டட அட்வான்ஸும் முதல் சில மாத வாடகையும்தான். மானியமோ இயந்திரம், தளவாடம் என்று கண்ணுக்குத் தெரியும் சொத்தை நினைத்து வகுக்கப்பட்டது. பி.எம்.இ.ஜி.பி.யில் நில விலையைச் சேர்க்க முடியாது; வாடகையை அதிகபட்சம் 3 ஆண்டுக்குக் கணக்கில் காட்டலாம். அட்வான்ஸ் திரும்பி வரக்கூடிய பணம் என்பதால் வங்கி பொதுவாக அதைத் திட்டச் செலவாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே திட்ட அறிக்கையில் மேசை, நாற்காலி, ஏ.சி., யு.பி.எஸ்., ஜெனரேட்டர், நெட்வொர்க் கருவி, கேமரா, புரொஜெக்டர் இவற்றை மேற்கோள் விலையோடு எழுதுங்கள். அட்வான்ஸைக் கைப்பணத்தில் ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பணம் இல்லாதவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இன்னொரு முறை யோசிப்பது நல்லது. வாடகை ஒப்பந்தத்தையும் கடன் தவணைக் காலத்துக்குக் குறையாமல் போடப் பாருங்கள். 11 மாத ஒப்பந்தத்தைக் காட்டி 5 ஆண்டுக் கடன் கேட்டால் மேலாளர் தயங்குவது நியாயம்தானே.

"ஷ்யூரிட்டி என்ன வைப்பீர்கள்?" என்று வங்கியில் கேட்டால் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. கடன் உத்தரவாதத் திட்டத்தை நினைவூட்டுங்கள். சிறு, குறு நிறுவனங்களுக்குச் சொத்துப் பிணை இல்லாத கடனுக்கு அது உத்தரவாதம் தருகிறது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரை. ஆண்டுதோறும் ஒரு கட்டணம் உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு வங்கியுடையதே.

ஜி.எஸ்.டி. பக்கம் வருவோம். மேசை வாடகைக்கு 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். தாண்டாவிட்டாலும் பதிவது பெரும்பாலும் லாபம். வாடிக்கையாளர் நிறுவனமாக இருந்தால் அவர்கள் உங்களுக்குக் கொடுத்த வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள் (இதுதான் உள்ளீட்டு வரி), நீங்களும் நாற்காலிக்கும் ஏ.சி.க்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். சுவர் எழுப்புவது போன்ற கட்டுமான வேலையைச் சொத்துக் கணக்கில் ஏற்றினால் அந்த வரி திரும்பாது. பில்லைத் தனித்தனியாக வாங்குங்கள். 2024 அக்டோபர் 10 முதல் இன்னொன்று: கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவராக இருந்து நீங்கள் பதிவு செய்தவராக இருந்தால், அவருடைய வாடகைக்கான 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். உள்ளீட்டு வரியாக எடுத்துவிடலாம், ஆனாலும் மாதாமாதம் ரொக்கம் புரள வேண்டும். சிறு வணிகர்கள் வரவின் மீது குறைந்த சதவீத வரி கட்டும் கம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து பிறகு விலக்கு கிடைத்தது. இதை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

அரசே இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கட்டிய முதல்வர் படைப்பகம் திறந்தது. அங்கே பகிர்ந்த பணியிடத்துக்கு அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியில் நியோ டைடல் என்ற அரசின் சிறிய ஐ.டி. பூங்காக்கள் வந்துவிட்டன. 100 ரூபாய் மேசையோடு விலையில் போட்டி போட முடியாது. சின்ன நிறுவனங்களுக்குப் பூட்டிய அறை, இரவு நேர வேலை, ஜி.எஸ்.டி. பதிவுக்கான முகவரி என்று வேறு எதையாவது விற்க வேண்டும். திட்ட அறிக்கையில் வருமானப் பக்கத்தை எழுதும்போது எல்லா இருக்கையும் முதல் மாதமே நிரம்பும் என்று போடாதீர்கள், டி.ஐ.சி. அதிகாரி சிரிப்பார், வங்கி மேலாளர் சிரிக்காமலேயே கோப்பை மூடிவிடுவார்.