இசைவு: ஒப்பத்துக்கு முன்னால் வர வேண்டிய சொல்

"எந்த இடத்தில் ஒப்பம் வைக்க வேண்டும், ரீச்சர்?"

ஏ-9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதையோரம், கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் அந்த அம்மம்மா என்னிடம் கேட்டார். பேத்தி கொண்டுவந்து கொடுத்த படிவத்தை நான்காக மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்திருந்தார். படிவத்தில் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது: பாடசாலையில் நடைபெறும் மருத்துவப் பரிசோதனை, உளவளத்துணை, கழகச் செயற்பாடுகள் ஆகியவற்றில் எனது பிள்ளை பங்குபற்ற முழுச் சம்மதம் தெரிவிக்கின்றேன். அதன் கீழே புள்ளிக்கோடு. கோட்டின் கீழே ‘பெற்றோர் / பாதுகாவலர்’.

எங்கே என்று கேட்டாரே தவிர, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் ‘சம்மதம்’ என்ற சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

சம்மதம் வடசொல். சம் என்றால் கூட, ஒருங்கே. மதம் இங்கே சமயமன்று, கருத்து. நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் வரும் அதே மதம்தான். அந்த ஏழில் முதலாவது உடன்படல், இரண்டாவது மறுத்தல். ஆகவே கருத்து ஒன்றுபடுவதுதான் சம்மதம். ஆங்கிலப் படிவங்களில் வரும் ‘கொன்சென்ட்’ இலத்தீனிலிருந்து வந்தது. கூட உணர்தல் என்பது அதன் வேர்ப்பொருள். இரண்டு மொழிகளிலும் ‘கூட’ என்ற பொருள் உள்ளே இருப்பதைக் கவனியுங்கள். ஒருவர் மட்டும் அறிந்து மற்றவர் அறியாமல் நிகழக்கூடியது அன்று இது.

வன்னியில் சம்மதம் வெகுகாலமாகக் கலியாணப் பேச்சில் வாழ்ந்து வரும் சொல். பெண்ணுக்குச் சம்மதமா, மாப்பிள்ளை பகுதிக்குச் சம்மதமா என்று கேட்போம். அங்கே ஒரு கெட்ட பழக்கமும் அதனோடு ஒட்டிக்கொண்டது: மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது. தலை குனிந்து நின்ற எத்தனையோ பெண்களின் மௌனத்தை நாம் அப்படித்தான் மொழிபெயர்த்தோம். பிள்ளை படிவத்தைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் பெற்றோருக்கு ஆட்சேபனை இல்லை என்று எடுத்துக்கொள்ளும் பாடசாலையும் அதே பழக்கத்தைத்தான் தொடர்கிறது.

அனுமதி என்ற சொல்லுக்கும் வேர் அதுவே. ஆனால் வழக்கில் அது மேலிருந்து கீழே வருவது. அதிபர் மாணவனுக்கு அனுமதி கொடுப்பார், அரச பணிமனை மணல் ஏற்ற அனுமதி கொடுக்கும். பெற்றோருக்கும் பாடசாலைக்கும் இடையில் மேலும் கீழும் இல்லை என்பதால் இந்தச் சொல் இங்கே பொருந்தாது.

ஒப்புதல் நல்ல தமிழ்ச் சொல். ஒப்பு, ஒப்பம், கையொப்பம், ஒப்புக்கொள்ளுதல் எல்லாம் ஒரே குடும்பம். தமிழ்நாட்டில் பெற்றோர் ஒப்புதல் என்றே எழுதுகிறார்கள். எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. குற்றத்தை ஏற்பதும் ஒப்புதல்தான் என்பது ஒன்று. தமக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் வைத்தவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒப்புதல் என்று சொன்னால் கை நடுங்கும். மற்றது, இந்தச் சொல் பேனாவுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒப்பம் வைத்துவிட்டாலே ஒப்புதல் ஆகிவிட்டது என்ற மயக்கத்தை அது எளிதில் தந்துவிடும்.

இசைவு அப்படியன்று. இசைதல் என்றால் பொருந்துதல், இணங்குதல். ஒலித்தல் என்ற பொருளும் உண்டு. இரண்டு குரல்கள் சுருதி சேர்ந்தால்தான் இசை. எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில், உயிரிகள் சூழலுக்குப் பொருந்துவதை ‘இசைவாக்கம்’ என்று படிக்கிறார்கள். ஆகவே வேர் அவர்களுக்கு அந்நியமில்லை.

பெரியபுராணத்தில் இந்தச் சொல் வருமிடத்தைச் சைவ வீடுகளில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதியவர் வேடத்தில் வந்த சிவபெருமான், நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்ட, சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையினர், "இசைவினால் எழுதும் ஓலை"யைக் கிழிப்பது வெற்றியாகுமா என்று கேட்கிறார்கள். அந்தத் தொடரை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். சேக்கிழார் ஓலையால் வந்த இசைவு என்று சொல்லவில்லை. இசைவு முதலில், எழுத்து அதன் பின்னால். சுந்தரரின் பாட்டனார் எழுதிய அந்த ஓலை, "இதற்கு இவை என் எழுத்து" என்று முடிகிறது. பாட்டனின் எழுத்து பேரனைக் கட்டியது. அது இறைவன் ஆட்கொண்ட கதை, அதன் மகிமை வேறு. பாடசாலைப் படிவத்திலோ அம்மம்மாவின் ஒப்பம் பேத்தியின் உடலையும் மனத்தையும் தொடப்போகிறது. ஆகவே ‘பெற்றோர் இசைவு’, ‘இசைவுப் படிவம்’ என்பவையே எனது தெரிவு. மறுத்தால் ‘இசைவு மறுப்பு’. கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் ‘இசைவை மீளப்பெறல்’.

விவரம் அறிந்தபின் தரும் சம்மதத்தை ‘அறிவுறுத்தப்பட்ட சம்மதம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அறிவுறுத்தல் நம்மிடையே கட்டளையாகிவிட்ட சொல். ‘அறிந்து அளிக்கும் இசைவு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

ஆனால் எதை அறிவது? அந்த ஒற்றை வசனத்தில் கிடந்த மூன்றும் ஒரே வகையானவை அல்ல. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் வந்து உயரம், நிறை, பார்வை, பல் பார்ப்பது ஒன்று. ஊசி போடுவது வேறொன்று. 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை வழங்கப்பட்டது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கான ஊசி அது என்பதைத் தாய்க்குச் சொன்னால் அவள் மகிழ்ந்து இசைவாள். சொல்லாமல் விட்டால், பிள்ளைப்பேறு தடைப்படும் என்ற பொய்க்கதை அவளிடம் முதலில் போய்ச் சேரும்.

உளம், வளம், துணை என்ற மூன்றும் சேர்ந்த உளவளத்துணை (‘கவுன்சிலிங்’) ஈழத்தில் வேரூன்றிய அழகான சொல். 2009இற்குப் பின் இங்கே அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை தனியே சொல்வதில் எது வீட்டுக்குத் தெரிவிக்கப்படும், எது தெரிவிக்கப்படாது என்பதை இசைவு கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கழகத்துக்கு இவ்வளவு தேவையில்லை. பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் போனபின் யானை நடமாடும் பாதையில் பிள்ளையை யார் கூட்டிவருவது என்பவைதான் அங்கே கேள்வி.

பதினெட்டு வயது வரை சட்டப்படி பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சொல் வேண்டும். என்றாலும் 1991இல் இலங்கை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றிய விடயங்களில் பிள்ளையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்கிறது. பிள்ளை தரும் அந்தச் சொல்லை ‘உடன்பாடு’ என்று அழைக்கலாம் என்பது என் எண்ணம். பெற்றோரின் இசைவும் பிள்ளையின் உடன்பாடும் படிவத்தில் வெவ்வேறு கோடுகளில் வரட்டும்.

அன்று நான் அந்த வசனத்தை மூன்றாகப் பிரித்து அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊசி ஏதும் போடுவார்களா என்று கேட்டார். கழகத்தின் வலைப்பந்துப் பயிற்சிக்கு எத்தனை மணிவரை மறிப்பீர்கள் என்று கேட்டார். இரண்டுக்கும் பக்கத்தில் தன் பெயரை மெதுவாக, எழுத்தெழுத்தாக எழுதினார். உளவளத்துணைக்கு வந்ததும் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார்.

"இதை அவளிடம் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன், ரீச்சர்."