தழும்பு சாட்சி ஆகாது

சென்னையின் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கமிருந்து வரும் குற்ற வழக்குகளில் எதிரிகளுக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, வாதாடும் வழக்கறிஞர் நான். ஜார்ஜ் டவுன் நீதிமன்ற வாசலில் என்னிடம் வரும் தாய்மார்களில் பலர், வழக்கு என்ன, பிரிவு என்ன என்று சொல்வதற்கு முன்பே, "அவன் பார்க்கத்தான் அப்படி இருப்பான் ஐயா" என்று தொடங்கிவிடுகிறார்கள். தங்கள் பிள்ளையின் முகத்தையும் பச்சை குத்திய கழுத்தையும் ஊர் எப்படிப் பார்க்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தோற்றம் தீர்ப்பை அசைக்கும் என்ற பேச்சு பெரும்பாலும் ஜூரிகளைப் பற்றியே, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல அமர்த்தப்படும் சாதாரண குடிமக்களைப் பற்றியே எழும். ஜூரி நமக்கும் புதிதல்ல. 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையில், அடிமைச் சிறுமியைக் கொன்றதாக நிறுத்தப்பட்ட அசென்ஷியா டாஸ் என்ற பெண்மணியை ஜூரிகள் விடுவித்தார்கள். 1959இல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதி, வெள்ளைச் சீருடையும் பதக்கங்களுமாக வந்து நின்றார். ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் அவர் குற்றவாளி அல்ல என்றார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அது விதித்த ஆயுள் தண்டனையை 1961இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஜூரிகளிடம் சீருடை ஒன்றே அவரைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். பத்திரிகையும் பொதுமக்களும் அவர் பக்கம் நின்றார்கள். ஆனால் அதே துப்பாக்கியை லுங்கி கட்டிய துறைமுகத் தொழிலாளி எடுத்திருந்தால் அந்த எட்டுப் பேரும் அப்படிச் சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லாமல் போயிற்று. இனி சட்டம் படித்த நீதிபதிதானே பார்க்கிறார், கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நீதிபதிகள் விதித்த அபராதத்தையும் பிணைத்தொகையையும் ஆராய்ந்து 1991இல் ஓர் ஆய்வு வெளியானது. சிறு குற்றங்களில், அழகற்றவர் என மதிப்பிடப்பட்டவர்களுக்குத் தொகை கூடியிருந்தது. அங்கே வழக்காடியவர்கள் இந்த ஆபத்தை முன்பே அறிந்திருந்தார்கள். சிறை உடையோடு ஜூரியின் முன்னால் நிற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976இலேயே கூறிவிட்டது.

நம் ஊரில் தோற்றம் தன் வேலையைத் தீர்ப்புக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. இரவு ரோந்தில் எந்தப் பையனை நிறுத்துவது, எவன் படத்தைச் சாட்சியிடம் காட்டுவது என்ற முடிவுகளில்தான் முகம் பேசுகிறது. எதிரியின் முந்தைய கெட்ட நடத்தையை, அவராக நன்னடத்தையை முன்வைக்காதவரை, அரசுத் தரப்பு பொதுவாகச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது; பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 49ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. காகிதத்தில் இருக்கும் இந்தத் தடை, தெருமுனையில் நிற்கும் காவலரின் கண்ணுக்கு எட்டுவதில்லை.

நான் நடத்திய ஒரு வழிப்பறி வழக்கைச் சொல்கிறேன். எதிரி காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். தூண்டில் முள் கிழித்த நீளத் தழும்பு இடது கன்னத்தில் உண்டு. பறிகொடுத்தவர் தந்த புகாரில் "கன்னத்தில் தழும்பு" என்று ஒரு வரி இருந்தது. சந்தேகத்துக்கு உள்ளானவனை வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வதுதான் அடையாள அணிவகுப்பு. அதில் அவனை அப்படியே நிறுத்தியிருந்தால், வரிசையில் தழும்புள்ள ஒரே ஆள் அவனாகத்தான் இருந்திருப்பான். சாட்சி முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. அணிவகுப்பை நடத்திய நடுவர் (மாஜிஸ்திரேட்), வரிசையில் நின்ற அத்தனை பேரின் இடது கன்னத்திலும் ஒரே அளவில் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னார். சாட்சி இரண்டு முறை நடந்து பார்த்தார், கடைசியில் வேறொருவரைக் காட்டினார். அந்த நடுவரின் குறிப்பில் இது முழுவதும் பதிவாகியிருந்தது. அந்தப் பிளாஸ்டர் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பையன் இன்னும் புழல் சிறையில் இருந்திருப்பான்.

அதனால் குடும்பத்தாருக்குச் சொல்கிறேன். காவல் நிலையத்தில் பிள்ளையைச் சாட்சிக்குக் காட்டினார்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், பத்திரிகையில் முகம் வந்தது என்றால், ரிமாண்டு செய்யும் நடுவரிடமே அதைச் சொல்லுங்கள். பதிவு செய்யக் கேளுங்கள். அணிவகுப்பு நடத்துபவரிடமும் அதைத் திரும்பச் சொல்லும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். முன்பே படம் பார்த்த சாட்சியின் அடையாளத்துக்கு மதிப்புக் குறைவு. ஆனால் அந்த நேரத்தில் வாய்திறக்காமல் இருந்துவிட்டு, விசாரணை தொடங்கிய பிறகு சொன்னால் நம்ப வைப்பது கடினம். அணிவகுப்பு முடியும்வரை முடி, தாடி, மீசை எதையும் மாற்ற வேண்டாம். மறைக்கப் பார்க்கிறான் என்ற வாதத்துக்கு நாமே வழிவிட்டதாகும்.

விசாரணைக் கைதி வீட்டிலிருந்து உடை பெற்றுக்கொள்ள 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே இடம் தருகிறது. வாய்தா நாளுக்குத் துவைத்து மடித்த முழுக்கைச் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நிரபராதி நன்றாக உடுத்தித்தான் நிரூபிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. ஆனால் கூண்டில் நிற்பவனை முதலில் பார்ப்பது மனிதக் கண்தான். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால், காவலில் இருப்பவர் எவராயினும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இருட்டில் பார்த்தேன், முகம் சரியாகத் தெரியவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். வரிசையில் யாரையாவது காட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காவலர் எரிச்சலடைந்தாலும் பரவாயில்லை. "இதில் அவர் இல்லை" என்பதும் முழுமையான சாட்சியம்தான்.