கண்டல்: மாங்குரோவுக்கு நம்மிடம் உள்ள சொல்

"சித்தி, மாந்தோப்புல பறவை பார்க்கவா கடல் வரைக்கும் போறோம்?"

நீலகிரியின் கூடலூரிலிருந்து விடியுமுன் கிளம்பி, நாடுகாணி தாண்டி வழிக்கடவு நோக்கி வண்டி வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள். 'மாங்குரோவ் பறவைகள் சரணாலயம்' என்று முந்தின நாள் வீட்டில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. தமிழ்க் காதுக்கு 'மாங்' என்றால் மாங்காய்தான். அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நாம் வாயில் போட்டுக்கொண்டிருக்கும் சொல்தான் அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

முதலில் அந்தச் சொல்லின் கதை. ஆங்கிலத்தில் மாம்பழத்துக்கு வழங்கும் 'மேங்கோ' நம்மிடமிருந்து போனது. தமிழும் மலையாளமும் பேசிய கரையில் கேட்ட மாங்காய், மாங்ஙா என்பதைப் போர்த்துகீசியர் 'மாங்கா' என்று எடுத்துப் போனார்கள். கழிமுகத்து உப்புச் சேற்றில் வளரும் மரங்களைக் குறிக்கும் 'மாங்குரோவ்' வேறு வழியில் வந்தது. ஸ்பானியத்தில் 'மாங்ளே', போர்த்துகீசியத்தில் 'மாங்கே' என்று வழங்கிய பெயர் அது. அமெரிக்கக் கண்டத்தின் கரீபியக் கரையில் வாழ்ந்த பழங்குடிகளின் மொழியொன்றிலிருந்து அவர்கள் அதைப் பெற்றிருக்கலாம் என்பது சொற்பிறப்பு அறிஞர்களின் கருத்து. 1610களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது 'மாங்க்ரோ' என்றிருந்தது. ஆங்கிலேயர் காதுக்கு அதன் வால் தோப்பைக் குறிக்கும் 'குரோவ்' போலக் கேட்கவே, எழுத்தும் அப்படியே மாறிவிட்டது. ஆக, அந்தச் சொல்லில் தோப்பைக் கேட்ட முதல் ஆள் என் அக்கா மகள் இல்லை. ஆங்கிலேயர்களே அப்படித்தான் கேட்டார்கள்.

நாங்கள் போனது கோழிக்கோட்டுக்குத் தெற்கே, கடலுண்டிக்கு. கடலுண்டிப்புழை அரபிக்கடலில் சேரும் கழிமுகம் அது. கூடலூர்க்காரர்களுக்கு அந்தக் கரை அன்னியமில்லை. எங்கள் பாண்டியாறு கீழே இறங்கிப் புன்னம்புழையாகி, சாலியாற்றில் சேர்ந்து, பேப்பூரில் கடலைத் தொடுகிறது. கடலுண்டி அதற்குச் சற்றுத் தெற்கேதான். நீலகிரித் தேயிலைச் சரிவில் பெய்யும் மழை, அதே கரைக்குத்தான் மண்ணையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

தோணியில் ஏறி, நீர் வடிந்துகொண்டிருந்த ஓடையில் போனோம். இரு பக்கமும் சேற்றில் கால் ஊன்றி நிற்பதுபோல மரங்கள். தண்டிலிருந்து வில்லாக வளைந்து இறங்கும் வேர்கள், அவற்றின்மேல் வேறு வேர்கள், எது எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. தோணிக்காரர் துடுப்பை நிறுத்திப் பிள்ளையிடம் சொன்னார்: "இது பிராந்தன் கண்டல், மோளே." மலையாளத்தில் பிராந்து என்றால் பைத்தியம்; பிராந்து பிடித்தவன்போல வேரைத் தாறுமாறாக வீசுவதால் பிராந்தன். அவள் சட்டென்று கேட்டாள்: "அப்போ இதுதான் மாங்குரோவா?" அவர் தலையாட்டினார். "நாங்க கண்டல்னுதான் சொல்றது. காடு முழுக்கக் கண்டல்காடு."

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. ஆனால் அதுவரை அதை ஏட்டில்தான் பார்த்திருந்தேன். நற்றிணையின் நெய்தல் பாடல்களில் 'கண்டல் வேலி' என்ற தொடர் வருகிறது: கழியைச் சூழ்ந்து கண்டலே வேலியாக நிற்கும் ஊர்கள். ஈராயிரம் ஆண்டு பழைய சொல், நம் உரைநூல்களில் விளக்கம் எழுதப்பட்டுக் கிடக்கிற சொல், மலையிறங்கினால் சில மணி நேரத்தில் ஒருவர் வாயில் உயிரோடு புழங்குகிறது. கண்ணூர் மாவட்டத்தில் வாழ்நாளெல்லாம் இந்த மரங்களை நட்டு வளர்த்து 2015இல் மறைந்த கல்லேன் பொக்குடனை அங்கே 'கண்டல் பொக்குடன்' என்றே அழைத்தார்கள். ஒரு மனிதரின் அடைமொழியாகிற அளவுக்கு அந்தச் சொல்லுக்கு அங்கே வீட்டு உறவு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதுதான் என்னை மிகவும் மகிழ்வித்தது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்க் கரையின் செடிகொடிகளைப் பற்றித் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. உள்ளூர் வைத்தியர்கள் சொன்ன பெயர்களையே அதில் பதித்தார்கள். கண்டலும் அப்படி ஏறியது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் அங்கிருந்து எடுத்தாண்டார். இன்று ஒரு மரத்தின் அறிவியல் பெயரே 'கண்டேலியா கண்டெல்'. அந்தப் பேரினத்தை 1834இல் நிலைநிறுத்தியவர்களில் ஒருவர் ராபர்ட் வைட். பின்னாளில் நீலகிரித் தாவரங்களுக்கென்றே படங்களோடு நூல் வெளியிட்டவரும் அவர்தான். உலகத் தாவரவியலாளர் எல்லாரும் நாக்கில் வைத்திருக்கும் சொல்லை நாம் பாடப்புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது.

தமிழில் இப்போது வழங்கும் பெயர்களைப் பார்ப்போம். அரசு அறிவிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் பெரும்பாலும் 'அலையாத்திக் காடு'. அலையை ஆற்றுவது அலையாற்றி. பேச்சில் காற்று காத்தாவதுபோல ஆற்றி ஆத்தியாகிவிட்டது என்பது பலரும் சொல்லும் விளக்கம். டீக்கடையில் "நல்லா ஆத்திக் குடுங்கண்ணே" என்கிறோமே, அதே ஆற்றுதல்தான்: சூட்டைத் தணிப்பது, வேகத்தை அடக்குவது. ஆத்தி என்று தனியே ஒரு மரமும் உண்டு, சோழர் சூடிய பூ அதனுடையது. ஆகவே 'அலையோரத்து ஆத்தி' என்று பிரிக்கவும் இடமிருக்கிறது. எனக்கு முதல் விளக்கமே பிடிக்கும், ஏனென்றால் அது மரம் செய்யும் வேலையைச் சொல்கிறது. பின்னிய வேர்களுக்குள் நுழையும் அலை வேகமிழக்கிறது, சுமந்துவந்த வண்டலைக் கீழே விடுகிறது, கரை உறுதிப்படுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பிச்சாவரத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் இதைத்தான் பேசினார்கள்.

'சதுப்புநிலக் காடு' என்றும் எழுதுகிறார்கள். மலையில் வாழ்கிறவளாக இதை நான் ஏற்கமாட்டேன். சதுப்பு எங்களிடமும் இருக்கிறது. முதுமலைப் பக்கம் பள்ளங்களில் நீர் தேங்கிப் புல் மண்டிக் கிடக்கும் நிலத்தை வயல் என்போம். கால் வைத்தால் புதையும். கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் ஈரநிலம்தான். உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்தது, பிச்சாவரம் 2022இல் சேர்ந்த அதே பட்டியலில். ஆனால் சோலையில் ஊறுவது நல்ல நீர். கண்டலுக்கு உப்பும் ஓதமும் வேண்டும்: நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல்நீர். அது இல்லாமல் சேறு மட்டும் இருந்தால் அது கண்டற்காடு ஆகாது. சதுப்புநிலக் காடு என்று படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை வயலையும் சோலையையும்தான் நினைத்துக்கொள்ளும்.

உப்புச் சேற்றில் காற்று புகாது. அதனால் சில மரங்கள் வேரின் நுனியைச் சேற்றுக்கு மேலே ஆணிபோல நீட்டி மூச்சு விடுகின்றன. மூச்சு வேர் என்ற பெயர் அப்படியே பொருந்துகிறது. வெண்கண்டல், உண்ட உப்பை இலை வழியே கக்குகிறது. தோணிக்காரர் ஓர் இலையைப் பறித்துக் கொடுக்க, பிள்ளை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். வேறு சில மரங்களில் விதை கீழே விழுவதற்கு முன், கிளையில் தொங்கும்போதே முளைத்து, ஓலையில் எழுதும் எழுத்தாணிபோல நீண்டுவிடுகிறது. அதனாலேயே ஒரு வகைக்கு அங்கே எழுத்தாணிக் கண்டல் என்று பெயர்.

ஒவ்வொரு மரத்துக்கும் தமிழிலும் தனிப்பெயர் உண்டு: சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை. தில்லைதான் சிதம்பரத்தின் பழம்பெயர். அதன் பால் பட்டால் கண் கெடும் என்பதால் மலையாளத்தில் அதே மரம் கண்ணாம்பொட்டி. ஒரு கரையில் தலமரம், மறு கரையில் எச்சரிக்கை!

ஆகவே என் முடிவு இது: மரத்துக்குக் கண்டல், காட்டுக்குக் கண்டற்காடு அல்லது அலையாத்திக் காடு. பழைய அகராதிகள் கண்டலுக்குத் தாழை என்ற பொருளையும் தருகின்றன என்று ஒரு தடை சொல்லலாம். கழியோரத்தில் இரண்டும் அடுத்தடுத்து வளர்பவை. தாழைக்குத் தாழை என்ற பெயரே போதும். நீலகிரிக்காரர்கள் சோலையைச் சோலை என்றே சொல்லிச் சொல்லி, ஆங்கிலேயரும் 'ஷோலா' என்றே எழுதும்படி செய்துவிட்டோம். கடற்கரைக் காட்டுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

'சரணாலயம்' பற்றிச் சுருக்கமாக. சரணம், ஆலயம் இரண்டும் வடசொல். அடைக்கலம் தரும் இடம் என்பது பொருள். ஆங்கிலத்தின் 'சாங்க்சுவரி' என்ற சொல்லின் வேரிலும் கோயில்தான் இருக்கிறது. முதுமலை 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமானது. கடலுண்டியும் அதே 2007இல் வள்ளிக்குன்னோடு சேர்த்துக் கேரளத்தின் முதல் சமூகக் காப்பகம் ஆனது. பேச்சில் இன்னும் பறவைச் சரணாலயம்தான். பறவையை நினைத்தால் எனக்குப் 'புகலிடம்' இன்னும் பொருத்தமாகப் படுகிறது, புகுந்து தங்கிப் போகும் இடம் என்பதால்.

பறவைகளுக்கு நேரம் குறிப்பது ஓதம்தான். நீர் ஏறியிருந்தபோது மரத்தில் சில கொக்குகளும் ஒரு மீன்கொத்தியும் மட்டுமே. நீர் வடிந்து சேறு வெளிப்பட்டதும் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தத் தொடங்கின. மணல்திட்டில் ஆலாக்களும் கடற்காகங்களும் ஒரே திசை பார்த்து வரிசையாக நின்றன. வலசை வருபவை நவம்பர் முதல் ஏப்ரல் வரை இருக்கும். போகிறவர்கள் ஓதம் இறங்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

திரும்பும்போது நாடுகாணியில் டீக்கு நிறுத்தினோம். எங்கே போய்வருகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். நான் வாயெடுக்குமுன் பிள்ளை சொன்னாள்: "கண்டல்காட்டுக்கு."