குதிரை வாங்கிட்டீங்களா, பழைய ஓனருக்கு ஒரு போன் போடுங்க

குதிரை வாங்கப் போறவங்க பல்லப் பிடிச்சுப் பாக்குறாங்க, சுழி பாக்குறாங்க, நடக்க விட்டு ஓட விட்டுப் பாக்குறாங்க, ஆனா இந்தக் குதிரைய இதுக்கு முன்னாடி யாரு வச்சிருந்தாங்க, அவங்க நம்பர் கிடைக்குமான்னு கேக்குறவங்க ரொம்ப ரொம்பக் கம்மி. நான் கால்நடை டாக்டர், ஈரோடு கோயம்புத்தூர் பக்கம் குதிரைங்கதான் அதிகமா பாக்குறேன். ஒவ்வொரு வருஷமும் ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிஞ்ச கொஞ்ச நாள்ல போன் வர ஆரம்பிச்சுடும், "டாக்டர் சந்தையில நல்லா நின்னுச்சு, இப்ப முன்னங்கால் ஊனவே மாட்டேங்குது", "டாக்டர் அங்க பசு மாதிரி சாதுவா இருந்துச்சு, இங்க வந்து கிட்டயே சேக்க மாட்டேங்குது"ன்னு. நான் கேக்குற முதல் கேள்வி யாருகிட்ட வாங்குனீங்கங்கிறதுதான், அதுக்கு வர்ற பதில் எப்பவும் "ஒரு புரோக்கருங்க, பேரு தெரியலைங்க".

ஒண்ணு புரிஞ்சுக்கங்க, எவ்வளவு நல்ல டாக்டரக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாலும் அவரு சொல்ல முடியுறது அந்தக் குதிரை அன்னைக்கு எப்படி இருக்குங்கிறத மட்டும்தான். பியூட்டாசோன் மாதிரி வலி மருந்து குடுத்திருந்தா நொண்டுற குதிரை கூட சந்தையில ஒழுங்கா நடக்கும், மருந்து வேகம் இறங்குன ரெண்டு மூணு நாள்லதான் காலு காட்டிக் குடுக்கும். மயக்க மருந்து கொஞ்சமா போட்டிருந்தா முரட்டுக் குதிரையும் தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கும். வயசும் அப்படித்தான், முன் பல்லு ஜோடி ஜோடியா ரெண்டரை, மூணரை, நாலரை வயசுல மாறும், அஞ்சு வயசு வரைக்கும் பல்லு பொய் சொல்லாது, அதுக்கு மேல போகப் போக நாங்க சொல்றது மதிப்பீடுதான், 10 வயசு தாண்டிட்டா ரெண்டு மூணு வருஷம் முன்ன பின்ன இருக்கும். அந்தக் குதிரைய குட்டியிலேர்ந்து பாத்தவரு ஒருத்தர் போன்ல வந்தா ஒரே வார்த்தையில வயசு சொல்லிடுவாரு.

சரி எப்படிக் கண்டுபிடிக்கிறது. உங்ககிட்ட வித்தவரு பெரும்பாலும் ஓனரா இருக்க மாட்டாரு, நடுவுல கை மாத்துறவருதான். ராஜஸ்தான் புஷ்கர்லயோ மகாராஷ்டிரா சாரங்கேடாவுலயோ பஞ்சாப் முக்த்சர்லயோ வாங்கி லாரியில ஏத்தி, நடுவுல ஒரு ஊர்ல இறக்கி, அங்க ஒருத்தர் வாங்கி கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டு இங்க கொண்டு வந்து வித்திருப்பாங்க. அதனால பணம் குடுக்குறதுக்கு முன்னாடியே "இது உங்க கைக்கு எங்கேர்ந்து வந்துச்சு, அவரு நம்பர் குடுங்க"ன்னு கேளுங்க. பணம் கை மாறிட்டா அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. நம்பர் தர மாட்டேன்னு ஒரேயடியா மறுத்தாங்கன்னா அதுவே ஒரு தகவல், நான் அங்கேர்ந்து கிளம்பச் சொல்லிடுவேன். வித்தவரு உதவலன்னாலும் வழி இருக்கு. லாரி டிரைவரு எந்த ஊர்ல ஏத்துனோம்னு சொல்லுவாரு. லாடம் அடிக்கிறவங்க ஒரு ஏரியாவுக்கே ரெண்டு மூணு பேருதான் இருப்பாங்க, அவங்களுக்கு எல்லாக் குதிரையும் தெரியும், எது உதைக்கும் எதுக்குக் குளம்பு வெடிக்கும்னு கூட சொல்லுவாங்க. நெத்தியில இருக்குற வெள்ளை, கால்ல எது எதுல வெள்ளை, ரெண்டு பக்கமும் முழுசா ஒரு போட்டோ எடுத்து குதிரைக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டுப் பாருங்க, பல தடவை அன்னைக்கு சாயங்காலமே "இது எங்ககிட்ட இருந்த குதிரைங்க"ன்னு பதில் வந்திருக்கு.

ரேஸ்ல ஓடுன தரோபிரெட் குதிரையா இருந்தா உங்க வேலை இன்னும் சுலபம். ரேஸ் வாழ்க்கை முடிஞ்சதும் இந்தக் குதிரைங்க ரைடிங் ஸ்கூலுக்கும் கல்யாண சாரட்டுக்கும் பீச்சுக்கும் பேப்பரே இல்லாம போயிடுது, பேரு கூட மாறிடுது, ஆனா கழுத்துல இருக்குற மைக்ரோசிப் எங்கயும் போகாது. இடது பக்கம் பிடரிக்குக் கீழ நடுக் கழுத்துல ஸ்கேனர் வச்சா 15 இலக்க நம்பர் வரும் (அங்க வரலன்னா வலது பக்கமும் ஓட்டிப் பாக்கணும்). இந்திய தரோபிரெட் பதிவெல்லாம் புனேல ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் நடத்துற ஸ்டட் புக் ஆபீஸ்ல இருக்கு, அந்த நம்பர வச்சு விசாரிச்சா நிஜப் பேரு, பொறந்த வருஷம், தாய் தகப்பன் எல்லாம் தெரிஞ்சுக்கலாம். பேரு கிடைச்சா எந்த ஊர்ல எந்தத் தேதியில எந்த ட்ரெய்னர்கிட்ட இருந்து ஓடுச்சுங்கிற ரெக்கார்டும் வெளிவந்த விஷயம்தான். நான் அதுல ஜெயிச்சதத் தேட மாட்டேன், இடைவெளியத்தான் தேடுவேன். மாசா மாசம் ஓடிட்டிருந்த குதிரை திடீர்னு எட்டு மாசம் ஒரு வருஷம் ஓடவே இல்லன்னா அங்க ஏதோ ஒண்ணு நடந்திருக்கு, பெரும்பாலும் முன்னங்கால் நரம்புதான் (குதிரைக்காரங்க நரம்புன்னு சொல்றது தசைநாண), அந்த ட்ரெய்னர்கிட்ட அந்தக் காலத்த மட்டும் குறிப்பிட்டுக் கேட்டாப் போதும். மார்வாரி, காத்தியவாடி ரகக் குதிரைங்களுக்கு சொசைட்டி பதிவும் பாஸ்போர்ட்டும் இருக்கு, பாஸ்போர்ட் குடுத்தாங்கன்னா அதுல இருக்குற படமும் சுழி அடையாளமும் நிக்கிற குதிரையோட ஒத்துப் போகுதான்னு பாருங்க, வேற குதிரையோட பாஸ்போர்ட்ட நீட்டுறதும் நடக்குது.

இப்ப முக்கியமான விஷயம், போன்ல எப்படிப் பேசுறது. இதுலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. குதிரைய வித்தவருக்கு உங்க போன் வந்ததுமே மனசுல வர்றது பணத்தத் திருப்பிக் கேப்பாங்களோங்கிற பயம்தான், நீங்க எடுத்ததும் "அதுக்கு ஏதாச்சும் நோய் இருந்துச்சா"ன்னு கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, நல்ல குதிரைங்க"ன்னு சொல்லிட்டு கட் பண்ணிடுவாரு, அப்புறம் எடுக்கவே மாட்டாரு. நான் எங்க கிளையண்ட்ஸுக்கு சொல்லிக் குடுக்குறது இப்படி: "அண்ணா வணக்கங்க, உங்ககிட்ட இருந்த சிவப்புப் பெண் குதிரை இப்ப எங்ககிட்டத்தான் இருக்குங்க, நல்லா தீனி எடுக்குதுங்க, பணம் விஷயமா கூப்பிடலைங்க, அத இன்னும் நல்லா வச்சுக்கணும், உங்களுக்குத்தான் அதப் பத்தி நல்லாத் தெரியும், அதான் கேக்கலாம்னு." பேசுறதுக்கு முன்னாடியே குதிரை தீனி திங்குற மாதிரி ஒரு சின்ன வீடியோ அனுப்பிடுங்க. பாசமா வளத்து, கஷ்டத்துல வித்தவங்க நிறைய பேரு இருக்காங்க, அது எங்க போச்சு உசுரோட இருக்கான்னு தெரியாம இருந்திருப்பாங்க, அந்த வீடியோவப் பாத்ததும் அவங்களே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுவாங்க, நீங்க எழுதிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ராஜஸ்தான் மகாராஷ்டிரா ஆளுன்னா ஹிந்தி தெரிஞ்ச ஃபிரண்டப் பக்கத்துல வச்சுக்கங்க, அரைகுறையாப் பேசி விட்டுடாதீங்க.

கேள்வியும் சின்னச் சின்ன விஷயத்துல ஆரம்பிக்கணும். என்ன தீனி போட்டீங்க, கொள்ளு ஊற வச்சா வேக வச்சா, எந்த நேரத்துக்கு, தரையில போட்டீங்களா தொட்டியிலயா. லாடம் அடிக்கிறப்ப எந்தக் கால் குடுக்காது. லாரியில எப்படி ஏறும். மத்த குதிரையோட கட்டினா என்ன பண்ணும். கடைசியா டாக்டர் எப்ப வந்தாரு, எதுக்கு வந்தாரு, என்ன ஊசி போட்டாரு, அந்த டாக்டர் நம்பர் இருக்கா. டெட்டனஸ் ஊசி எப்ப, பூச்சி மருந்து எப்ப. பெண் குதிரைன்னா இணை சேத்தீங்களா, எந்த மாசம். ஏன் குடுத்தீங்கங்கிற கேள்விய கடைசியாத்தான் வைக்கணும், அதுக்குள்ள அவருக்கு உங்க மேல நம்பிக்கை வந்திருக்கும். முடிஞ்சா குதிரைய நேர்ல பாத்துக்கிட்ட சைஸ் (லாயத்துல குதிரை பராமரிக்கிற வேலையாளு) யாருன்னு கேட்டு அவருகிட்டயும் பேசுங்க, ஓனருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும், ராத்திரி குதிரை கட்டையக் கடிச்சு காத்து முழுங்குமா, ஓடிட்டு வந்தா இருமுமா, இதெல்லாம் லாயத்துல படுத்துத் தூங்குன ஆளுக்குத்தான் தெரியும்.

ஏன் இவ்வளவு பாடுபடணும்னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட வந்த சில குதிரைங்களப் பத்தி சொல்றேன். ஒரு வெள்ளைக் குதிரை, வாங்குனதுலேர்ந்து விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பு இளைச்சுக்கிட்டே வருது, வயித்துக்கு அடியில நீர் கோத்து வீக்கம், ரத்தத்த கண்ணாடியில தேச்சு மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒண்ணும் தெரியல. பழைய ஓனர்கிட்ட பேசுனதுல போன மழைக்காலத்துல சர்ரான்னு சொல்லி ஊசி போட்டோம், சரியாப் போச்சுன்னு குடுத்துட்டோம்னு வந்துச்சு. சர்ராங்கிறது குதிரை ஈ கடிச்சுப் பரவுற ட்ரிபனோசோமா ஒட்டுண்ணி, மருந்து அளவு பத்தலன்னா ரத்தத்துல கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடந்து, குதிரை அலைச்சல்ல களைக்கிறப்ப திரும்ப வரும். அந்த ஒரு போன்ல எந்த டெஸ்ட் அனுப்பணும்னு தெளிவாச்சு, முன்னாடி எந்த மருந்து எந்த அளவுல போட்டாங்கன்னு தெரிஞ்சதால மருந்தும் சரியா முடிவு பண்ண முடிஞ்சுது.

இன்னொண்ணு சாரட்டுக்கு வாங்குன பெண் குதிரை, தீனி நல்லா எடுக்குது அதான் வயிறு பெருசுன்னு எல்லாரும் நினைச்சுட்டு வண்டியில பூட்டிக்கிட்டு இருந்தாங்க, பழைய ஓனரு சொல்லித்தான் தெரிஞ்சுது அது இணை சேத்து எட்டு மாசம் ஆச்சுன்னு. குதிரைக்கு சினைக் காலம் சுமார் 11 மாசம், அப்ப எவ்வளவு முக்கியமான நேரத்துல அது ரோட்டுல வண்டி இழுத்துட்டு இருந்துச்சுன்னு பாருங்க. அப்புறம் மேளச் சத்தம் கேட்டாலே ரெண்டு கால்ல எந்திரிச்சு நிக்கிற மார்வாரிங்க. இதுக்குப் பைத்தியம்னு அடிச்சுக் கட்டுறாங்க, விசாரிச்சுப் பாத்தா வடக்க கல்யாணத்துல ஆடுறதுக்குப் பழக்குன குதிரையா இருக்கும், கொட்டு அடிச்சா ஆடணும் ஆடலன்னா அடி விழும்னு அதுக்குக் கத்துக் குடுத்திருக்காங்க, பாவம் அது சொன்னதத்தான் செய்யுது. அதுக்கு வேணுங்கிறது பொறுமையா சத்தத்தப் பழக்குறது, தடி கிடையாது.

சில நேரம் நல்ல செய்தியும் வரும். ரொம்பக் கம்மி விலைக்குக் கிடைச்ச குதிரைய சந்தேகத்தோட கொண்டு வருவாங்க, விசாரிச்சா வித்ததுக்குக் காரணம் ஒரு சுழிதான், வீட்டுக்கு ஆகாதுன்னு யாரோ சொல்லி விலையக் குறைச்சுத் தள்ளி விட்டிருப்பாங்க. சுழிக்கும் குதிரையோட உடம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, தைரியமா வச்சுக்கங்க.

ஆனா போன்ல கேட்டது எல்லாத்தையும் அப்படியே நம்பிடவும் கூடாது, மூணு ஓனரு மூணு கதை சொல்லுவாங்க. கேட்டத குதிரை உடம்போட ஒத்துப் பாக்கணும். சேணம் வைக்கிற இடத்துல வெள்ளை முடி முளைச்சிருந்தா அங்க ஒரு காலத்துல புண்ணு இருந்திருக்கு. வயித்துக்குக் கீழ நடுக் கோட்டுல தழும்பு இருந்தா குடல் ஆபரேஷன் நடந்திருக்கலாம். கழுத்துல பெரிய ரத்தக் குழாய் தடிச்சுக் கட்டியா இருந்தா அங்க ஊசி நிறைய தடவை ஏறியிருக்கு, "ஒரு ஊசி கூட போட்டதில்லைங்க"ன்னு சொன்னவருகிட்ட இன்னொரு தடவை மரியாதையாக் கேக்கலாம். குளம்புல வளையம் வளையமா, குதிகால் பக்கம் அகலமா விரிஞ்சு போனா குளம்பு அழற்சி வந்திருக்குன்னு அர்த்தம், கொள்ளையும் தானியத்தையும் அளந்து போடணும்.

கிளாண்டர்ஸ்ங்கிற தொற்று நோயப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். மூக்குல கெட்டியா சளி, மூக்குக்குள்ள புண்ணு, கால்ல வரிசையாக் கட்டி உடைஞ்சு ஒழுகுறது, இதுதான் அறிகுறி, ஆனா சில குதிரை மாசக் கணக்குல வெளிய ஒண்ணும் காட்டாமயே நோயச் சுமந்துட்டு இருக்கும். இது மனுஷங்களுக்கும் வரும், உசுரையே எடுக்கும். 2009ல வந்த மத்திய அரசு கால்நடைத் தொற்று நோய்ச் சட்டப்படி இத மறைக்கக் கூடாது, கால்நடைத் துறைக்குச் சொல்லியே ஆகணும், ரத்த மாதிரி ஹரியானா ஹிசார்ல இருக்குற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் வரைக்கும் போகும், உறுதியானா வைத்தியம் கிடையாது, குதிரைய கருணைக் கொலைதான் பண்ணுவாங்க. அந்த நேரத்துல அதிகாரிங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு, இது எங்கேர்ந்து வந்துச்சு, எந்தெந்தக் குதிரையோட நின்னுச்சு. பழைய ஓனரு நம்பர் உங்ககிட்ட இருந்தா அங்க இருக்குற குதிரைங்களையும், அதப் பாத்துக்குற சைஸையும் அவரு பொண்டாட்டி புள்ளைங்களையும் சீக்கிரம் டெஸ்ட் பண்ண முடியும். நம்பர் இல்லன்னா அந்த லாயத்துல என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல. போன் உங்களுக்கு வந்தாலும் இதேதான், நீங்க வித்த குதிரையப் பத்தி யாராச்சும் கேட்டா தயவு செஞ்சு கட் பண்ணாதீங்க, உள்ளதச் சொல்லுங்க.

எவ்வளவு தேடியும் யாரும் கிடைக்கலன்னா வரலாறே தெரியாத குதிரைன்னு வச்சுத்தான் ஆரம்பிக்கணும். வந்த அன்னைக்கே மத்த குதிரைங்களோட கட்டாதீங்க, குறைஞ்சது மூணு வாரம் தனி லாயம், தனி பக்கெட், தனி பிரஷ், முடிஞ்சா தனி ஆளு. காலையிலயும் சாயங்காலமும் காய்ச்சல் பாத்து நோட்டுல எழுதுங்க. கிளாண்டர்ஸ், ஈஐஏ (குதிரைக்கு வர்ற தொற்று ரத்தசோகை), சர்ரா, உண்ணி காய்ச்சல் இது நாலுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பெண் குதிரைன்னா சினை பாக்கச் சொல்லுங்க. டெட்டனஸ் ஊசி போட்டிருப்பாங்கன்னு நம்பாம முதல்லேர்ந்து போடுங்க, ஒண்ணு இப்ப, அடுத்தது நாலுலேர்ந்து ஆறு வாரத்துக்குள்ள, அதுக்கு நடுவுல குளம்புல ஆணி ஏறினாலோ காயம் பட்டாலோ காத்திருக்காம உடனே டாக்டரக் கூப்பிடுங்க.