பெர்ஃப்யூம்: புகையில் பிறந்த சொல்

பெர்ஃப்யூம் குப்பிக்குள் புகையைத் தேடுவார் யாருமில்லை. ஆனால் சொல்லின் வேர் புகைதான். இலத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக, ‘ஃபூமுஸ்’ என்றால் புகை. பிசினையும் மணக்கட்டையையும் நெருப்பிலிட்டு மணம் பெற்ற காலத்துச் சொல் இது. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் எரியும் பொருளிலிருந்து எழும் நறும்புகையையே குறித்தது. திரவத்துக்குப் பெயரானது பிறகுதான். அகிற்புகையூட்டிய கூந்தலைச் சங்கப் பாடல்களில் கண்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

தமிழில் பெரும்பாலோர் ‘வாசனைத் திரவியம்’ என்று எழுதுகிறார்கள். பொருள் சரி, இரண்டு சொல்லும் வடமொழி. பேச்சுக்கு ‘செண்ட்’ போதும். ‘அத்தர்’ அரபுச் சொல். மரபான அத்தர் எண்ணெயில் இறக்கப்படுவது, சாராயம் சேராதது. அதையும் பெர்ஃப்யூமையும் ஒன்றாக்குவது பிழை. ‘நறுமணத் தைலம்’ ஒத்துவராததும் அதனால்தான். பெர்ஃப்யூம் குப்பியில் பெரும்பகுதி எத்தனால், அதாவது சாராயம். அப்படிப் பார்த்தால் ‘நறுந்தேறல்’ என்றே சொல்லலாம், தேறல் என்பது தெளிந்த கள் அல்லவா! யாரும் ஏற்கமாட்டார்கள். நான் ‘நறுமணநீர்’ என்று எழுதுகிறேன். ஃப்ளோரல் வகைக்கு ‘மலர் நறுமணநீர்’.

தெளித்ததும் முதலில் எழும் மணத்துக்குப் பெயரான ‘டாப் நோட்’ என்பதை ‘மேற்குறிப்பு’ என்று ஆக்குபவர்களை என்ன சொல்வது? அந்த ‘நோட்’ இசையிலிருந்து வந்தது, குறிப்பேட்டிலிருந்து அல்ல. மேல்மணம், நடுமணம், அடிமணம் என்றால் விளக்கமே தேவைப்படாது.

அண்மையில் ஒரு மல்லிகை நறுமணநீரை மணிக்கட்டில் தெளித்துப் பார்த்தேன். மேல்மணம் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற சுருக்கென்ற நெடி; மூக்கு பழகுமுன் பறந்துவிட்டது. நடுமணத்தில்தான் பூ வந்தது. அதுவும் புதுப்பூ அல்ல. பறித்து நேரமாகி, இதழோரம் பழுப்பேறிய பூவின் கனத்த மணம். இனிப்புக்கு அடியில் மெல்லிய அழுகல் வாடை. முகம் சுளித்துவிட்டு, உடனே மறுபடியும் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனேன். இதற்குக் காரணம் இண்டோல். மல்லிகையில் இயல்பாகவே இருக்கும் இந்தப் பொருள் மனித மலத்திலும் உண்டு. துளியளவில் பூவாக மணக்கும், அளவு மிஞ்சினால் குமட்டும். அதை முழுவதும் நீக்கிய மல்லிகை நறுமணநீர்கள் எனக்குச் சோப்பு போலவே படுகின்றன.

நல்ல மணம், கெட்ட வாடை இரண்டுக்கும் பொதுவாகத் தமிழில் ஒரு சொல் இருந்தது: நாற்றம். மொட்டுக்குள் அடங்கிய மணத்தை வள்ளுவர் ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்’ என்கிறார். இன்று அது கெட்ட வாடைக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. ஒருவருடைய நறுமணநீரைப் பாராட்ட அந்தச் சொல்லை எடுத்தால் நட்பு முறியும். ஆனால் இண்டோல் தூக்கலாக உள்ள மல்லிகைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் தெளித்துப் பார்த்ததன் அடிமணம் சந்தனமும் கஸ்தூரியும். எங்கும் கிடைப்பதுதான்.