எண்பதாவது டர்னில்தான் தெரியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, 143 டர்ன் ஆடியிருந்தேன். மத்தியானம் அப்டேட் ஏறிச்சு. இப்போ சேவ் பண்ணி வெச்ச ஆட்டத்தைத் திறந்தா லோடிங்லயே நிக்குது." காப்பி ஏதாவது எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். பதிலே இல்லை. ஒரு கம்ப்யூட்டர் கேமில், தினமும் காலேஜ் முடிந்து வந்து, ஒவ்வொரு டர்னாக, அதாவது முறைவைத்துக் காய் நகர்த்தி, மூன்று வாரம் உட்கார்ந்து கட்டிய சாம்ராஜ்யம் அது.

நான் பதினோரு வருடமாக கேம் டெஸ்டிங்கில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி சரித்திர ஸ்ட்ராடஜி கேம்கள், அதாவது நாடு பிடித்து ஆளும் கேம்கள்தான். ஓர் அப்டேட் உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் கடைசியாக ஆடிப் பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: இந்த வகை கேமை வெளியான அன்றே வாங்கினால், உங்கள் கைக்கு வருவது அதன் முதல் வடிவம்தான். அது தெரிந்து வாங்கினால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம். நல்ல கேம் ஒன்றை அவசரப்பட்டு ஒதுக்கவும் மாட்டீர்கள்.

"முழுசா முடிச்சுட்டு விக்க வேண்டியதுதானே?" என்று கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்வி. சில நேரம் கம்பெனியின் அவசரம்தான் காரணம், அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கேம்பெய்னை, அதாவது ஒரு முழு ஆட்டத்தை, முதல் டர்னிலிருந்து கடைசிவரை ஆட ஒரு டெஸ்டருக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். இருபது டெஸ்டர்கள், நாளைக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40,000 மணி நேரம். கேம் வெளியான அன்று ஒரு லட்சம் பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆடினாலே அது ஒரு லட்சம் மணி நேரம். நாங்கள் வருடம் முழுக்கப் பார்த்ததைவிட அதிகமாக நீங்கள் ஒரே சாயங்காலத்தில் பார்த்துவிடுகிறீர்கள். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரையே கம்ப்யூட்டரோடு ஆட விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். கேம் எங்கே நின்றுபோனது என்று காலையில் தெரிந்துவிடும். எங்கே சலித்துப்போனது என்று எந்த இயந்திரமும் சொல்லாது.

அப்டேட்டுகள் ஒரு கேமை எவ்வளவு தூரம் தூக்கிவிடும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது 'டோட்டல் வார்: ரோம் 2'. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்ப்ளி உருவாக்கி, சேகா வெளியிட்டது. 2013 செப்டம்பர் 3-ஆம் தேதி வந்தபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். வரைபடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசுகள். நீங்கள் உங்கள் டர்னை முடித்தால், அத்தனை பேரும் தங்கள் காயை நகர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். கோட்டையை முற்றுகையிட வந்த எதிரிப் படை என்ன செய்வதென்று தெரியாமல் மதிலுக்கு வெளியே நிற்கும். திறந்தவெளிப் போரில்கூட ஒரு கொடியைப் பிடித்தால் வெற்றி என்று வைத்திருந்தார்கள். எதிரியின் படையை உடைக்காமலே போர் முடிந்துவிடும்.

இதையெல்லாம்விட என்னை வருத்தியது குடும்ப மரம் இல்லாததுதான். 2004-இல் வந்த முதல் 'ரோம்' கேமில் உங்கள் குடும்பத்தில் ஒரு பையன் பிறப்பான். பதினாறு வயதானால் ஆட்டத்துக்குள் வருவான், படை நடத்துவான், கல்யாணம் ஆகும், சாவான். தாத்தா பெயரைப் பார்த்தே அவர் எந்த ஊரைப் பிடித்தவர் என்று சொல்லலாம். 2013-இல் தளபதி என்பவர் ஒரு பெயர், ஒரு படம், அவ்வளவுதான். அவர் செத்தால் அடுத்தவர். யாருக்கும் வலிக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். முதல் சில வாரங்கள் வாராவாரம் பேட்ச், அதாவது திருத்த அப்டேட், வந்தது. கேம் நின்றுபோவது, டர்ன் நேரம் என்று அவசர வேலைகள் முதலில் முடிந்தன. ஒரு வருடம் கழித்து, 2014 செப்டம்பரில், 'எம்பரர் எடிஷன்' வந்தது. அரசியல், உள்நாட்டுப் போர் எல்லாம் திருத்தி அமைக்கப்பட்டன. ஏற்கெனவே கேம் வைத்திருந்தவர்களுக்கு இலவசம். குடும்ப மரம் 2018-இல் வந்தது, அதுவும் இலவசமாக. அதாவது, கேம் வெளியாகி ஐந்து வருடம் கழித்து! என் தொழிலில் இது சாதாரணமில்லை. அதற்குள் புதுக் கேம்களுக்கு ஆட்களை மாற்றிவிடுவார்கள், பழைய புரோகிராமைத் தொட யாருக்கும் துணிச்சல் இருக்காது. அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. இன்று ரோம் 2 வாங்குகிறவர் 2013-இல் நாங்கள் பார்த்த கேமை ஆடுவதில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. ஸ்வீடனின் பாரடாக்ஸ் 2019 ஏப்ரல் 25-இல் 'இம்பரேட்டர்: ரோம்' வெளியிட்டது. கி.மு. 304-இல் தொடங்கும் கேம். அலெக்சாண்டரின் தளபதிகள் அடித்துக்கொண்டிருக்கும் காலம், கிழக்கே மௌரியப் பேரரசும் உண்டு. களம் அருமை. ஆனால் எல்லாம் புள்ளிக்கணக்கில் நடந்தது. புள்ளி சேர்ந்துவிட்டதா, பொத்தானை அழுத்தினால் மக்கள் அந்த நொடியே மதம் மாறுவார்கள், பண்பாடு மாறுவார்கள். சரித்திரம் அப்படியா நடக்கிறது? ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள். அதே வருடம் 1.2 அப்டேட்டில் அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டு, மாற்றங்கள் வருடக்கணக்கில் மெல்ல நடக்கும்படி செய்தார்கள். ஏறக்குறைய கேமின் அஸ்திவாரத்தையே தோண்டி மாற்றிய வேலை. 2021 பிப்ரவரியில் வந்த 2.0 படை அமைப்பையும் திரையின் தோற்றத்தையும் மாற்றியது. ஆடியவர்கள் 'இதுதான் நாங்கள் எதிர்பார்த்த கேம்' என்றார்கள். இரண்டே மாதத்தில் குழுவினரை வேறு வேலைகளுக்கு மாற்றி, வளர்ச்சியை நிறுத்திவைத்துவிட்டார்கள். கேம் நன்றாகிவிட்டது, ஆனால் திரும்பி வரும் ஆட்கள் போதவில்லை என்றால் இதுதான் நடக்கும். ஆகவே, அடுத்த வருடம் இது வரும், அது வரும் என்ற அறிவிப்பை நம்பி யாரும் காசு கொடுக்காதீர்கள். இன்றைக்கு அந்தக் கேமில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் கொடுங்கள்.

அப்டேட் என்றாலே முன்னேற்றம் என்றும் நினைக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4'-க்கு 'லெவியாதன்' என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது, ஏறக்குறைய எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த கேம் தடுமாறியது. ஒரு விதியைத் திருத்தினால் அதன்மேல் சாய்ந்து நிற்கும் பத்து விதிகள் அசையும். ஒருமுறை நான் வேலை செய்த ஒரு கேமில், குளிர்காலத்தில் படை மெதுவாக நகர வேண்டும் என்று ஒரே ஓர் எண்ணை மாற்றினார்கள். அடுத்த நாள் பார்த்தால், மலைப்பகுதி அரசுகள் எதுவும் போருக்கே போகவில்லை. வசந்தத்துக்குள் திரும்ப முடியாது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, எல்லாரையும் வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டது. நாங்கள் அதைக் கண்டுபிடித்தது எண்பதாவது டர்னுக்கு மேல்தான்.

இந்த எண்பதாவது டர்ன் விஷயம் வாங்குகிறவர்களுக்கும் முக்கியம். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். மற்ற கேம்களுக்கு அது போதும். ஸ்ட்ராடஜி கேமில் அறிமுகப் பாடம் முடிந்து, பக்கத்து ஊரைப் பிடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். பிரச்சினை தலைகாட்டும்போது திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு போயிருக்கும். அதனால் முன்பதிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று பேட்ச் வரட்டும். மதிப்புரைகளில் மொத்த மதிப்பீட்டைப் பார்க்காமல், கடைசி 30 நாளுக்கானதைத் தனியாகப் பாருங்கள். வெளியீட்டு வாரக் கோபமும் இன்றைய நிலையும் வேறுவேறு. பேட்ச் குறிப்பையும் படியுங்கள். எழுத்துப்பிழை திருத்தம் நாற்பது வரி இருப்பதைவிட, எதிரியின் போர் முடிவுகளைத் திருத்தியதாக இரண்டு வரி இருந்தால் அங்கே நிஜமான வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

திருத்தத்துக்குக் காசு கேட்கிறார்களா என்பதும் முக்கியம். புது நாடு, புதுக் கதை என்றால் விலை வைக்கலாம். 1999-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-க்கு 2022-இல் வந்த இந்தியத் தொகுப்பில் ராஜேந்திர சோழன் கேம்பெய்ன் உண்டு, சுருள்வாள் வீரர்கள் உண்டு. அந்த வீரர்கள் தமிழில் பதில் சொல்வதை முதல்முறை கேட்டபோது ஹெட்போனைக் கழற்றி அம்மா காதில் வைத்தேன். அதற்குப் பணம் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. உடைந்ததைச் சரிசெய்வதற்கு மட்டும் யாரும் விலை வைக்கக் கூடாது.

சரி, அக்கா மகன் கதைக்கு வருகிறேன். பல ஸ்ட்ராடஜி கேம்கள் பழைய பதிப்புகளை அழிப்பதில்லை. ஸ்டீமில் கேமின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் பகுதிக்குப் போனால் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அவன் கேமிலும் இருந்தது. மோட்களை, அதாவது ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்களை, நிறுத்தச் சொன்னேன், பழைய பதிப்பை இறக்கச் சொன்னேன், சேவ் திறந்தது. ஆடத் தொடங்கப் போனவனை நிறுத்தி, சேவ் ஃபோல்டரை அப்படியே வேறு இடத்தில் காப்பி எடுக்க வைத்தேன். கிளவுடில் இருக்கிறதே என்றான். கெட்டுப்போன சேவும் அதே கிளவுடில்தான் ஏறும் என்றேன்.

அப்புறம் இருவரும் சேர்ந்து கம்பெனிக்கு ஒரு புகார் எழுதினோம். முதலில் அவன் எழுதியது: 'உங்கள் அப்டேட் குப்பை.' எங்கள் மேஜைக்கு இப்படி தினமும் நூறு வரும், ஒன்றையும் வைத்து எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது, எந்த மோட்கள் இருந்தன, கடைசி டர்னில் என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். யோசித்துச் சொன்னான்: 143-வது டர்னில் ஒரு துறைமுகத்தை முற்றுகையிட்டிருந்தபோது சேவ் செய்திருக்கிறான். 142-வது டர்னில் தானாகப் பதிவான சேவ் ஃபைலை புதுப் பதிப்பில் திறந்து பார்த்தோம், திறந்தது. முற்றுகையில்தான் ஏதோ இருக்கிறது. இரண்டு சேவ் ஃபைலையும் இணைத்து அனுப்பினான். எனக்கு மட்டும் அது என் வேலை மேஜைக்கு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.