லோரி ஓடாத நாளில் என்ன கிடைக்கும்? முதல் கம்பெனி தேடும் ஓட்டுநருக்கு

இ லைசன்ஸும் (கனரக லோரி ஓட்டும் உரிமம்) ஜிடிஎல்லும் (சரக்கு வாகனம் ஓட்டும் உரிமம்) கைக்கு வந்த சில நாளிலேயே பினாங்கு மாநிலத்தின் பிறை, புக்கிட் மின்யாக், சிம்பாங் அம்பாட் பக்கமிருந்து வேலை விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடும். "மாதம் 4,500 வெள்ளி வரை எடுக்கலாம்" என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் போகிற தம்பிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "டிரிப் காசு எவ்வளவு அண்ணே?" என்றுதான். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். லோரி ஓடாத நாளில் எனக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள்.

லோரி ஓடாத நாள்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாகனச் சோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். கப்பல் தாமதமானால் பட்டர்வொர்த் கண்டெய்னர் முனையத்தில் வேலை இராது. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயங்களில் கனரகச் சரக்கு வாகனங்கள் சாலையில் இறங்க சில நாள்கள் தடை போடுவார்கள். கியர்பாக்ஸ் போனால் ஒரு வாரம் போய்விடும். இந்த நட்டமெல்லாம் யார் தலையில் விழுகிறது என்பதை வைத்தே ஒரு கம்பெனியை எடைபோடலாம்.

சட்டம் ஒரு தரை போட்டிருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கும், ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும் இது பொருந்தும். டிரிப் கணக்கிலோ டன் கணக்கிலோ மட்டும் சம்பளம் தரும் இடத்திலும் மாத வருமானம் இதற்குக் கீழே போகக்கூடாது. "எங்களிடம் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) கிடையாது, ஓடினால் காசு" என்று சொல்லும் இடத்தில் இதை நினைவில் வையுங்கள்.

இனி சம்பளச் சீட்டைப் பார்ப்போம். இரண்டு கம்பெனிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பேசிக் 1,700. மீதி 2,300 வெள்ளியைப் பயணப்படி என்று எழுதித் தருகிறார்கள். கைக்கு வருவது பெரிதாகத் தெரியும். ஆனால் பயணப்படிக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கிடையாது, சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கிடையாது. இன்னொன்றில் மொத்தமே 3,500தான், ஆனால் டிரிப் காசையும் சம்பளமாகவே காட்டி முழுத் தொகைக்கும் கட்டுகிறார்கள். 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் பங்கு 13 விழுக்காடு. முதல் இடத்தில் அது மாதம் 221 வெள்ளி, இரண்டாவது இடத்தில் 455. ஆண்டுக்கு 2,808 வெள்ளி வித்தியாசம், அதுவும் முதலாளியின் பங்கில் மட்டும்.

விபத்து நடந்தால் இந்த வித்தியாசம் இன்னும் உறைக்கும். வேலையில் அடிபட்டு மருத்துவ விடுப்பில் இருக்கும்போது சொக்சோ தரும் தற்காலிக இயலாமை உதவி, சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. 1,700 என்று காட்டியிருந்தால் நாளுக்கு ஏறத்தாழ 45 வெள்ளி. 3,500 என்று காட்டியிருந்தால் ஏறத்தாழ 93 வெள்ளி. காலில் கம்பி வைத்துக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் கிடக்கும்போதுதான் பலருக்கு அந்தப் "பயணப்படி" என்ற சொல்லின் பொருள் தெரியவருகிறது.

காத்திருக்கும் நேரத்தையும் கேளுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஒரு கண்டெய்னர் கொண்டுபோய் இறக்கி, காலியை டிப்போவில் விட்டு வருவது ஒரு டிரிப். பாலத்தில் நெரிசல், தொழிற்சாலை வாசலில் இரண்டு மணி நேரம், டிப்போ வரிசையில் இன்னும் ஒரு மணி நேரம். இதற்கெல்லாம் காசு உண்டா? இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் இவ்வளவு என்று தாளில் எழுதித் தருகிற இடம் நல்ல இடம். "பார்த்துக்கலாம்" என்பவர்கள் பார்ப்பதில்லை. ஒரு டிரிப்புக்கு எவ்வளவு என்பதைவிட, அதே தடத்தில் ஏற்கெனவே ஓடுகிறவர் ஒரு நாளில் எத்தனை டிரிப் முடிக்கிறார், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று அவரிடமே கேட்பது மேல். கம்பெனிக்கு வெளியே டீக்கடையில் கேட்டால் உண்மை வரும்.

கதவில் யார் பெயர்?

லோரியின் கதவில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரையும், உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கும் பெயரையும், சம்பளம் போடும் கணக்கின் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் வேறு வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஒருவர் பெயரில் இருக்கும் பெர்மிட்டை இன்னொருவர் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது நம் நாட்டில் நெடுநாளாக இருந்துவரும் நோய். அப்படி ஓடும் லோரிக்குப் பராமரிப்புப் பொறுப்பு யாருக்கு என்று கேட்டால், பெர்மிட்காரர் வாடகைக்கு எடுத்தவரைக் காட்டுவார், வாடகைக்கு எடுத்தவர் பெர்மிட்காரரைக் காட்டுவார். விபத்து நடந்தால் இருவருக்கும் நடுவில் நிற்பது ஓட்டுநர்தான். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் சரளைக்கல் லோரி மோதி எஃப்ஆர்யு (கலகத் தடுப்புப் போலீஸ்) வீரர்கள் ஒன்பது பேர் இறந்த பிறகு, கனரக வாகனங்களின் பெர்மிட்டும் பராமரிப்பும் முன்னைவிடக் கடுமையாகப் பார்க்கப்படுகின்றன.

பெர்மிட்டின் வகையையும் கேளுங்கள். ஏ வகை என்றால் வாடகைக்குப் பிறர் சரக்கை ஏற்றலாம். சி வகை சொந்தச் சரக்குக்கு மட்டும். சி பெர்மிட் லோரியில் "திரும்பி வரும்போது அந்தக் கடைச் சாமானையும் போட்டுக்கொண்டு வா" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன் லோரியைப் பாருங்கள்

ஆபீசில் காப்பி கொடுத்துப் பேசுவார்கள். நீங்கள் யார்டுக்குப் போய், எந்த லோரி தரப்போகிறார்கள் என்று கேட்டு அதையே பாருங்கள். பதினைந்து நிமிடம் போதும்.

எஞ்சினை ஓட்டி இரண்டு காற்று மீட்டர்களும் 8 பார் பக்கம் ஏறும்வரை விடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதித்தவுடன் முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதன் பிறகும் கால் பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. காதைக் கொடுத்தால் பெரும்பாலும் டிரெய்லர் இணைப்பில் சீறும் சத்தம் கேட்கும். பிறகு பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 4 பாருக்கு இறங்குவதற்குள் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். மணி அடிக்காத லோரியில் பிரேக் போவது உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. கடைசியில் காற்றுத் தொட்டியின் அடிக் குழாயைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் வருவது சாதாரணம். நிறைய வந்தால் யாரும் தினமும் வடிப்பதில்லை என்று பொருள். எண்ணெய் வந்தால் கம்ப்ரெஸர் தேய்ந்திருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. முன் சக்கரத்தில் செலுப் டயர் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) போட்டிருந்தால் ஏற வேண்டாம். பின்னால் ஒன்று கிழிந்தால் பக்கத்து டயர் தாங்கும், முன்னால் கிழிந்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போகும். சக்கர நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்து ஆடியிருக்கிறது. இதையெல்லாம் நீங்கள் பார்க்கும்போது யார்டுக்காரர் எரிச்சல்படுகிறாரா, டார்ச் கொண்டுவந்து கொடுக்கிறாரா என்பதைக் கவனியுங்கள். நாளைக்குப் பழுது என்று நீங்கள் சொல்லும்போதும் அதே முகம்தான் இருக்கும்.

யார் கற்றுத்தருவார்?

பயிற்சிப் பள்ளியில் ஓட்டிய லோரி வேறு, நாற்பது அடிக் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் வேறு. "நீதான் லைசன்ஸ் எடுத்திருக்கிறாயே" என்று முதல் நாளே சாவியைக் கொடுக்கும் கம்பெனி உங்கள்மேல் நம்பிக்கை வைக்கவில்லை, ஆள் இல்லாமல் தவிக்கிறது. குறைந்தது இரண்டு வாரம் அனுபவமுள்ள ஓட்டுநரோடு ஓட விடுவார்களா, அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். கெலிண்டானாக (லோரி உதவியாளாக) ஏற்றிவிட்டு மூட்டை தூக்க வைப்பது பயிற்சி ஆகாது.

புதியவர்களுக்கு அடி விழுவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அல்ல, யார்டில். டிரெய்லரை மாட்டினால் முதல் கியரில் மெல்ல முன்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு இறங்கி டார்ச் அடித்து, கொக்கி டிரெய்லரின் கிங்பின்னை (அடியில் இருக்கும் இணைப்பு ஊசியை) சுற்றிப் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பின்பே சிவப்பு, மஞ்சள் காற்றுக் குழாய்கள், விளக்கு வயர், கடைசியாக டிரெய்லரின் தாங்கு காலைத் தூக்குவது. கழற்றும்போது டிரெய்லர் பிரேக், கால் இறக்குவது, குழாய்கள், அதற்குப் பிறகே கொக்கியைத் திறக்கும் கைப்பிடி. காலை இறக்காமல் கைப்பிடியை இழுத்தால் டிரெய்லர் மூக்குக் குப்புற விழும். கண்டெய்னரின் நான்கு மூலைப் பூட்டுகளும் அப்படித்தான். பூட்டாமல் வளைவில் திரும்பினால் பெட்டி சாயும். துறைமுகத்தில் ஒரு பூட்டைத் திறக்க மறந்தால் கிரேன் பெட்டியோடு டிரெய்லரையும் சேர்த்துத் தூக்கும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும்.

அதனால்தான் முதல் வருடத்துக்கு பட்டர்வொர்த், பிறை, பத்து காவான், பாயான் லெப்பாஸ் என்று உள்ளூரில் சுற்றும் வேலையே நல்லது என்பது எங்கள் கருத்து. காசு குறைவு. ஆனால் ஒரு நாளில் ஆறு ஏழு முறை ரிவர்ஸ் எடுப்பீர்கள், இரவு வீட்டில் தூங்குவீர்கள். கிள்ளான் துறைமுகத்துக்கு இரவு லோட் என்றால், மெனோரா சுரங்கப்பாதை தாண்டி ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் சரிவைத் தூக்கக் கலக்கத்தில் முழுப் பாரத்தோடு கடக்க வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து எக்ஸாஸ்ட் பிரேக்கில் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) பிடித்துக்கொண்டு இறங்கத் தெரியாதவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருப்பார். பிரேக் டிரம் சூடேறினால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

வேலைச் சட்டப்படி ஓவர்டைம் சேர்த்தும் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஐந்து மணி நேரத் தொடர் வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு தர வேண்டும். தூக்கம் வந்தால் கெத்தும் இலைச் சாறு குடி, மாத்திரை போடு என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் ஒரு நாளும் நிற்காதீர்கள்.

பிடித்தம், பத்திரம், ராஜினாமா

டயர் வெடித்தால் 800, கண்ணாடி உடைந்தால் 300, சரக்கு நசுங்கினால் முழு விலை என்று பட்டியல் ஒட்டியிருக்கும் கம்பெனிகள் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு எதை எதைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. முதலாளி நினைத்தபடி பிடிக்க முடியாது. ஓவர்லோட் சம்மன் யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எடை மேடையில் பிடிபட்டால் ஓட்டுநர்மீதும் நடவடிக்கை வரும். லோட் ஏற்றியவர் அங்கே இருக்கமாட்டார்.

பயிற்சிக்காக இத்தனை மாதம் விலகக்கூடாது என்று பத்திரம் போட்டால் தொகையையும் காலத்தையும் பாருங்கள். வெற்றுத் தாளிலோ தேதியில்லாத ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்துப் போடவே வேண்டாம். ஒப்பந்தத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால், இரண்டு வருடத்துக்குக் குறைவான வேலைக்கு நோட்டீஸ் நான்கு வாரம். "எங்கள் பெர்மிட்டில் நீயே லோரி வாங்கித் தவணை கட்டு" என்ற பேச்சு முதல் வருடத்தில் வந்தால் மறுத்துவிடுங்கள். லோரி ஓடாத நாளின் நட்டம் முழுக்க அப்போது உங்களுடையதாகிவிடும்.

வேலையில் சேர்ந்த பிறகு ஒரு சிறு நோட்டில் தினமும் எழுதுங்கள்: தேதி, லோரி எண், எங்கிருந்து எங்கே, கிளம்பிய நேரம், காத்திருந்த நேரம், முடித்த நேரம். டெலிவரி ஆர்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சம்பளம், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வர வேண்டும், சீட்டோடு. இபிஎஃப், சொக்சோ இரண்டும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். 16ஆம் தேதி இபிஎஃப்பின் ஐ-அக்காவுன் செயலியைத் திறந்து தொகை ஏறியிருக்கிறதா, எந்தச் சம்பளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் முதல் மாதமே ஆபீசில் கேளுங்கள். இரண்டாவது மாதமும் ஏறவில்லை என்றால் அந்த நோட்டையும் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு (தொழிலாளர் துறை) போங்கள். இபிஎஃப் பாக்கிக்கு இபிஎஃப் அலுவலகத்திலேயே புகார் கொடுக்கலாம்.